ரெஸ்ற் பண்ணேக்க வராத பிழை

சுகந்தி அக்கா மோசம் போயிட்டா. இண்டைக்குக் காலமை, சரவணையில, வீட்டுக் கிணத்தடியில... தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டவவாம், அப்பிடியே விழுந்து உயிர் போயிட்டுதாம்.

ஊர்காவற்றுறைக் கந்தோரில கனகாலம் எனக்குப் பக்கத்துக் கதிரை. கோவக்காரி. ஃபைலில எண்டாலும் சரி, ஆக்களில எண்டாலும் சரி, பிழையைக் கண்டா விடமாட்டா.

சனி ஞாயிறில பழைய ஹோம் கொம்பியூட்டர் திருத்துவா. ரீவியில கொழுவிப் பாவிக்கிற அந்தக் காலத்துச் சாமான். லீவில வாற வெளிநாட்டுச் சனம் கொண்டந்து குடுக்கும்.

ஒருக்கா புங்குடுதீவுக்காரர் ஒருத்தர் வந்தார், இப்ப பிரான்ஸில இருக்கிறவர். செத்துப்போன தமையன் கொழும்பில கடை வைச்சிருக்கேக்க வாங்கின மெசினாம். போட்டவுடன நல்லா வேலை செய்யும், கொஞ்ச நேரத்தில எழுத்தெல்லாம் சிதறிப்போகும். ஒரு நாளைக்கு வரும், ஒரு நாளைக்கு வராது. டவுனில ஒரு கடையில மெசினைப் போட்டுப் பார்த்து ரெஸ்ற் பண்ணிப்போட்டு, ஒண்டுமில்லை, உங்கட பிரமை எண்டு அனுப்பிட்டாங்களாம்.

அக்காவுக்கு வந்த கோவம்... அந்தக் கடைக்காரனே முன்னால நிக்கிற மாதிரிக் கேட்டா, "நீர் பார்க்கிற நேரம் வராட்டி, பிழை இல்லையெண்டு ஆகுமே?"

அண்டைக்கு நானும் நிண்டனான். வெயில் ஏறுமட்டும் மெசினை ஓடவிட்டா. பிறகு தலைமயிர் காயவைக்கிற டிரையரால மெமரி சிப் ஒவ்வொண்டாச் சூடாக்கினா. ஒரு சிப்பில சூடு பட்டதும் ஸ்கிரீன் முழுக்கக் குப்பை. ஸ்பிரிட் பஞ்சு வைச்சு அதை ஆறவிட்டுத் திருப்பிப் போட, எல்லாம் சரி. "இவர்தான் ஆள்" எண்டா.

புதுச் சிப் போட்டாப் பிறகு அந்த மனிசன் தன்ர அண்ணையின்ர பேரை அடிச்சார். பேர் அசையாமல் நிண்டது. கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

போன வருசம் அக்காவுக்கு நெஞ்சுக்குள்ள இறுக்கம் வரத் தொடங்கினது. கந்தோர்ப் படி ஏறினா வரும், இருந்தா போயிடும்.

டொக்டரிட்டை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். படுக்கவைச்சு ஈசிஜி எடுத்தாங்கள். நோமல். வயித்துக் காஸ் எண்டாங்கள். இந்த வயசில பொம்பிளையளுக்கு யோசினை கூடவாம்!

"படுத்திருக்கேக்க எனக்கு வாறேல்லை டொக்டர். நடக்கவிட்டுப் பாருங்கோ" எண்டு அக்கா சொன்னா.

அவர் சிரிச்சார். தேவையில்லையாம். நடக்கவிட்டு எடுக்கிற மெசின் அடுத்த அறையில இருந்தது... நான் கண்டனான்.

அக்கா விடேல்லை. வேறை டொக்டர்மாரிட்டையும் போய்க் கேட்டா. அவையும் முதல் றிப்போட்டைப் பார்த்திட்டு அதையே சொல்லிச்சினம். வீட்டில தம்பிக்காரன், அக்கா சும்மா பயப்பிடுறா எண்டான்.

இண்டைக்கு அவன் போஸ்ற் போட்டிருக்கிறான். "எதிர்பாராத பிரிவு" எண்டு.

எதிர்பாராததோ? அவ மாசக்கணக்காச் சொல்லிக்கொண்டெல்லே இருந்தவ.

எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும்.

செத்தவீடு நாளைக்குச் சரவணையில. தெரிஞ்சாக்கள் வாங்கோ.

அக்கா, நான் உங்களை நம்பினனான். போயிட்டு வாங்கோ.