அறுபத்தொரு வரிக்கு ஒரு ‘சரி’

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது லிபுஷே அக்கா. வயது ஐம்பத்தொன்பது. முன்பு நெசவாலையில் தறி பார்த்தவர். ஆலை மூடிய குளிர்காலத்தில், நகரசபை நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் ஹீட்டர் இருக்கிறது என்பதற்காகப் போய் உட்கார்ந்தார். போன இடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். செக் நாட்டில் எங்கள் பகுதியான மொராவியாவைத் தாண்டியதில்லை. நான் ஆறு வருடம் நாடு நாடாய் அலைந்துவிட்டுத் திரும்பி, டிக்கெட் ஜன்னலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்டார்:

“உலகம் எப்படி இருக்கு?”

“பெரிசா இருக்குக்கா.”

“அடிக்கடி அப்டேட் பண்ணியிருப்பாங்க. வேண்டாததெல்லாம் சேர்ந்திருக்கும்.”

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். தினமும் காலையில் குளத்தில் நாற்பது சுற்று நீந்துவார். அப்போது யாரும் கூப்பிடக் கூடாது. இன்னொன்று அப்டேட் விஷயம். எங்கள் டிக்கெட் புரோகிராமும் லாக்கர் புரோகிராமும் பொதுவான ஒரு துணைப் புரோகிராமை நம்பி ஓடுகின்றன. டிக்கெட்டுக்கு அதன் புதிய பதிப்பு வேண்டும்; பழையதில் நொண்டி நொண்டித்தான் ஓடும். லாக்கருக்குப் பழையதுதான் ஒத்துவரும். லாக்கர் புரோகிராமை எழுதிய கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரு பதிப்புக்குத்தான் இடம். அப்டேட் போடும் கருவியிடம் விட்டால் சண்டையை ஒரு நொடியில் தீர்த்துவிடும்: லாக்கர் புரோகிராமை நீக்கிவிடும்.

“சண்டைன்னா ஜன்னல் வழியா ஆளைத் தூக்கிப் போடறது ராஜா காலத்துலேர்ந்தே நம்ம நாட்டுப் பழக்கம்தான். அதை மெஷினுக்கும் பழக்கணுமா?” என்பார் அக்கா.

அதனால் அந்தத் துணைப் புரோகிராமை மட்டும் பழைய பதிப்பிலேயே அசையாதபடி பூட்டி வைத்துவிட்டு, மற்றவற்றை அப்டேட் செய்வார். லாக்கருக்கென்று தனிக் கம்ப்யூட்டர் கேட்டு இரண்டு வருடமாக மனு எழுதிக்கொண்டும் இருந்தார்.

துணை மேலாளர் ரதோவனுக்கு இதெல்லாம் வெறும் பயம். எல்லாவற்றையும் தானாக நடக்கவிட்டால் லிபுஷே என்கிற ஆளே தேவையில்லை என்று நகரசபைக்கு எழுதிப் போட்டான். அடுத்த திங்கட்கிழமை அதன் மேல் ஓட்டெடுப்பு.

அதற்கு முந்தைய வியாழன் காலை, சபை உறுப்பினர்கள் ஒன்பது பேரும் வாராவாரம் போல குளத்தை ஒட்டிய சவுனா என்கிற வெப்ப அறையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீரில். ரதோவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா போட்ட பூட்டை எடுத்தான்.

“சபைக்காரங்க வெளிய வரும்போது எல்லாம் புதுசா இருக்கும், பாரு.”

கருவி அறுபத்தொரு வரி எழுதிக் காட்டி, ‘சரியா?’ என்று கேட்டது. ‘சரி’ தட்டினான்.

“படிச்சீங்களா?”

“இதையெல்லாம் யாரு படிப்பா?”

டிக்கெட் புரோகிராம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு லாக்கர்கள் முன்னால் நின்றார்கள். சாவிக்குப் பதிலாகக் கொடுக்கும் கைப்பட்டையைக் காட்டிக் காட்டிப் பார்த்தும் ஒரு கதவும் திறக்கவில்லை. அவசரச் சாவி ஒன்று இருந்தது. ஒன்றாம் எண் லாக்கருக்குள்.

ரதோவன் குளக்கரைக்கு ஓடினான். வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் ஓடினேன்.

“மேடம்! லாக்கர் எதுவும் திறக்கல!”

“இருபத்தேழு,” என்றார் அக்கா, திரும்பி நீந்தியபடி.

“சபைக்காரங்க எல்லாம் வெறும் துணியோட நிக்கறாங்க!”

“துணிதான் இருக்கே, அப்புறம் என்ன? ஷூவைக் கழட்டு தம்பி, இது குளம்.”

மிச்சப் பதின்மூன்று சுற்றையும் முடித்துவிட்டுத்தான் கரையேறினார். நீச்சலுடை சொட்டச் சொட்ட என் ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்தார். சபைத் தலைவர் ஒத்மார், இடுப்புத் துணியை ஒரு கையால் பிடித்தபடி பின்னாலேயே வந்தார்.

“மெஷின் ஒரு வார்த்தை சொல்லாமலா இப்படிப் பண்ணுச்சு?”

அக்கா திரையை நகர்த்தி, ‘லாக்கர் புரோகிராம் நீக்கப்படும்’ என்ற நாற்பத்தெட்டாவது வரியைக் காட்டினார். “சொல்லியிருக்கு தலைவரே. கூட்டத்துக்கு நடுவுல வாய்க்குள்ளயே முனகியிருக்கு. ரெண்டு பேருக்கு ஒத்துப்போகலன்னா மெஷின் அங்கயே நிக்கணும். யாரு வெளிய போறா, அதனால யாரு நடுங்கப் போறான்னு முதல் வரியிலயே சொல்லணும்.”

“நான்தான் நடுங்கறேன்! சரி பண்ண முடியுமா, முடியாதா?”

“தினமும் மெஷினோட நிலைமையை அப்படியே பத்திரமா எடுத்து வைக்கிறேன். காலையில இருந்த இடத்துக்குத் திரும்ப அஞ்சு நிமிஷம் போதும். ஆனா தனிக் கம்ப்யூட்டர் கேட்டு ஒரு மனு…”

“லிபுஷே, என் பேன்ட் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு!”

“மனுவும் உங்க மேஜைக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு வருஷமா.”

“குடுத்துத் தொலைக்கறோம்! அம்மா தாயே, திற!”

அதற்குள் பின்னால் வந்து கூடியிருந்த மற்ற எட்டுத் துணிகளும் தலையாட்டின. அதன் பிறகுதான் அக்கா விசைப்பலகையைத் தொட்டார். ஐந்தாவது நிமிடம் எல்லா லாக்கர்களும் படபடவென்று திறந்துகொண்டன.

திங்கட்கிழமை ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ரதோவனின் கடிதத்தைத் தலைவரே கிழித்துப் போட்டார். லாக்கருக்குத் தனிக் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு புரோகிராமும் தனிக்குடித்தனம் போய்ச் சுகமாக இருக்கின்றன. அக்கா அத்தோடு விடவில்லை, அப்டேட் கருவியிலும் கை வைத்தார். எதையாவது நீக்கப் போகிறது என்றால் இப்போது வெறும் ‘சரி’ செல்லாது. ஒரு வாக்கியத்தை முழுசாகத் தட்டவேண்டும்: ‘இது போய்விடும் என்று எனக்குத் தெரியும், துணி சுற்றி நிற்பவர்களிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன்.’

ரதோவன் இதுவரை மூன்று முறை அதைப் பாதி தட்டிவிட்டு அழித்திருக்கிறான்.