மாமாவின் டார்ச் வெளிச்சம்

போன ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் எங்கள் வீடு. காலமெல்லாம் லாரி ஓட்டிய என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய்விட்டிருந்தன. சோறு ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்பாவுக்கு இனி ஒன்னும் வெளங்காது புள்ள" என்று என் கணவரும் மனதைத் தேற்றிக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்று டிவியில் ஒரு பழைய ஆங்கிலப் படம், தமிழ் டப்பிங்கில். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வருகிற கதை. அந்த மாதிரிப் படம் என்றாலே டமால் டுமீல்தான் என்று நினைத்திருந்தேன். இதில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. பெரிய கப்பல் ஒன்று மேகத்திலிருந்து மெதுவாக இறங்கி, விளக்குகளை அணைத்து அணைத்துப் போடுகிறது. கீழே நிற்கும் மனிதர்களும் விளக்குப் போட்டுப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை. வெளியே மழை, உள்ளே அந்த வெளிச்சம். கனவுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தால், கட்டிலில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த மாமா இடது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு. கப்பலுக்கு டிம் டிப் அடிக்கிறார்! எதிரே வரும் வண்டிக்கு டிரைவர்கள் ஹெட்லைட்டை மினுக்குவார்களே, அதேதான்.

ஓடிப்போய் டார்ச்சை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

"மாமா, ஆமான்னா ஒருவாட்டி அடிங்க, இல்லீன்னா ரெண்டுவாட்டி. பசிக்குதுங்களா?"

இரண்டு முறை மினுக்கினார். வலிக்குதா என்றேன், குளிருதா என்றேன். எல்லாவற்றுக்கும் இரண்டுதான். படத்தில் வந்தவர்களைப் போல நானும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே போனேன். சாரல் அடிக்குமென்று ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கட்டிலைப் போட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

"ரோட்டப் பாக்கோணுங்களா மாமா?"

டார்ச் எரிந்தது. அணையவே இல்லை.

சத்தம் கேட்டு வந்த கணவர் நம்பாமல், "நான் ஆருன்னு தெரியுதுங்களாப்பா?" என்றார். ஒரு முறை மினுக்கினார் மாமா. என் கணவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அழுதபடியே கட்டிலைத் திருப்பிப் போட்டார்.

அன்று சாயங்காலம் மாமா ஒரு கிண்ணம் ரசஞ்சோறு முழுக்கச் சாப்பிட்டார். மழை விட்டு, ஈர ரோடு மின்னிக்கொண்டிருந்தது. அதில் போன ஒரு லாரிக்கு மாமா டார்ச் அடித்தார். முகம் தெரியாத அந்த டிரைவர் என்ன நினைத்தாரோ, லைட்டை மினுக்கிவிட்டுப் போனார்.

எங்கிருந்தோ வந்த கப்பலின் பதிலுக்காக அத்தனை பேர் பொறுமையாக நின்ற அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவர், யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று காத்துக் கிடந்ததுதான் இன்றும் நினைவுக்கு வருகிறது.