அண்ணையின் படத்தில் எங்கள் பொட்டு எங்கே?

தில்லையம்பலம் அவர்களே, என் அண்ணையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர் நீங்கள்தான். நோய் அதற்குப் பிறகுதான் வந்தது.

இதை நினைவு மலரில் எழுதக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். "இஞ்சேருங்கோ, முப்பத்தோராம் நாள் சாப்பிட வாற சனத்துக்குக் குடுக்கிற புத்தகம் இது. தேவாரத்தைப் போடுங்கோ, அத்தான் கீறின ஊர்ப் படத்தைப் போடுங்கோ, நன்றியைச் சொல்லுங்கோ, காணும்" என்றாள். அத்தான் என்று அவள் சொல்லுவது என் அண்ணையை. தேவாரம் முன்பக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் படம் பின்பக்கத்தில் இருக்கிறது. நடுப்பக்கம் என்னுடையது. நான் லொறி ஓடியவன். குடும்பத்தின் ஒளிவிளக்கு, சாய்ந்துவிட்ட ஆலமரம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணை கீரிமலைக்குக் கிட்ட, கேணியில் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வீட்டுக்கு நடந்து வந்துவிடக்கூடிய எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா மாட்டுவண்டியில் புகையிலை ஏற்றிச் சண்டிலிப்பாய் வழியாகப் பட்டினத்துக்குக் கொண்டு போனவர். பிற்காலத்தில் வண்டியை விற்று லொறி வாங்கினார். அந்த லொறி எனக்கு வந்தது. அண்ணைக்கு ஐயாவின் பாதைகள் வந்தன. எந்த ஒழுங்கையால் போனால் மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும், எந்த மடத்தில் வெயிலுக்கு ஒதுங்கலாம், மீன் விற்கிற பெண்கள் எந்தச் சுமைதாங்கிக் கல்லில் கடகத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள் என்றெல்லாம் ஐயா சொல்லுவார். அண்ணை கேட்டுக்கொண்டே கீறுவார். எனக்கு நித்திரை வந்துவிடும்.

படிப்பில் கெட்டிக்காரர். அரசாங்க நில அளவைக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்தார். ஊர் ஊராக மாற்றம் வந்தது, எங்கும் நல்ல பெயரோடுதான் இருந்தார். ஒரு பெரிய மனிதர் தன் காணி எல்லையைக் கொஞ்சம் தள்ளிக் கீறச் சொல்லி வாழைக்குலையோடு வீட்டுக்கு வந்தார். அண்ணை குலையையும் ஆளையும் சேர்த்துப் படலைக்கு வெளியே விட்டார். நிலத்தில் இருப்பதைப் படத்தில் விடக் கூடாது, இல்லாததைப் போடக் கூடாது. அண்ணைக்குத் தொழில் என்றால் அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் தேவைப்படும்.

கொழும்புத்துறையில் பெண் எடுத்தார். அண்ணி தங்கமான மனிதர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கியது அண்ணை, தலைமயிர் பின்னிவிட்டது அண்ணி. என் கலியாணத்தின்போது ஐயா வீட்டு வளவுக் காணியை இரண்டாகப் பிரித்தார். நாடா பிடித்து எல்லை காட்டியவர் அண்ணை. வேலிக்குத் தடி வெட்டிக் கதியால் நட்டவன் நான். கிளுவை முள் கிழித்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. வேலி அடைத்து முடிந்த அன்றே அண்ணி ஓலையை விலக்கி ஒரு பொட்டு வைத்தார்.

வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து போய்வர விட்டிருக்கும் இடைவெளி. முன்வாசல் படலையால் வருபவர் விருந்தாளி, பொட்டால் வருபவர் வீட்டு ஆள். எங்கள் பொட்டால் கூழ்ச்சட்டி போனது, கைக்குழந்தைகள் போய்வந்தார்கள், என் மனைவிக்கும் எனக்கும் சண்டை என்றால் அவள் அதால்தான் போய் அண்ணியிடம் முறையிட்டாள்.

அண்ணையின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் தில்லையம்பலத்தின் வீடு. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். அந்த வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. நான் அதை மறைக்கவில்லை. ஊரே அவரைத் தில்லையண்ணை என்று கூப்பிடும். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அண்ணை ஒருவர்தான். நான் சொல்லுவது தில்லையர்.

யுத்தத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று நான் லொறியில் அயலட்டைச் சனத்தையும் நெல்மூட்டைகளையும் ஏற்றினேன். அண்ணை தான் சேர்த்து வைத்திருந்த பழைய படங்களை ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் சுருட்டி வைத்தார். ஒல்லாந்தர் காலத்துப் பாதைப் படத்தின் பிரதி, ஆங்கிலேயர் காலத்துக் கிராமப் படம், றெயில்பாதை போட்ட காலத்துப் படம் எல்லாம் அதற்குள்தான்.

"லொறியிலை வையுங்கோ அண்ணை, நான் பத்திரமாக் கொண்டு வாறன்" என்றேன்.

"வேண்டாம். உன்ரை லொறியிலை எங்கை தொட்டாலும் எண்ணெய்."

சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வழியில் காற்றுப் போய்விட்டது. குழாயை யாரிடம் கொடுத்தார்? தில்லையரிடம். அவர் அதைத் தோளில் சாத்திக்கொண்டு, திருவிழாவில் வேல் தூக்குகிறவர் மாதிரி என் லொறிக்கு முன்னால் நடந்து போனார். நான் ஹோர்ன் அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டிலிப்பாயில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் அண்ணி நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அண்ணைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். சாப்பிட்டுக் கை கழுவினாரோ இல்லையோ, தில்லையர் வந்து நிற்பார். வந்து என்னுடைய கதிரையில் இருப்பார். "பிள்ளை, எனக்குச் சீனி குறைச்சு" என்று என் மனைவிக்கு உத்தரவு வேறு. பிறகு இரண்டு பேரும் வாங்குப் பலகையில் படங்களை விரித்து, மெல்லிய தாளை மேலே வைத்து, எந்தப் பாதை எந்தக் காலத்தில் மறைந்தது என்று பார்ப்பார்கள்.

ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். ஒல்லாந்தர் படத்தில் பாதைகள் எல்லாம் கோட்டைக்கும் தேவாலயங்களுக்கும் ஓடின. ஆங்கிலேயர் படத்தில் எல்லாம் றெயில் நிலையத்துக்கு ஓடின.

"கோட்டையிலை இருந்து பாத்தவனுக்குக் கோட்டைக்கு வாற பாதைதான் தெரியும்" என்றார் அண்ணை. "கிணத்துக்குப் போற பாதையை ஒருத்தனும் கீறேல்லை."

"வலிகாமம் முழுக்க நான் லொறி ஓடியிருக்கிறன். என்னட்டைக் கேட்டாச் சொல்லுவன்தானே?"

"லொறி போற பாதை எல்லாம் படத்திலை இருக்கடா தம்பி. நான் தேடுறது லொறி போகாத பாதை."

தில்லையர் சிரித்தார். அண்ணை அவருடைய மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. வாசலில் என் லொறி நின்றது, நானும் நின்றேன்.

"ரெண்டு கிழவங்கள் படம் கீறினா உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று என் மனைவி கேட்டாள். வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று எழுதினால் இந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, இராணுவம் வைத்திருந்த எங்கள் காணிகள் விடுபட்டபோது எல்லாரும் ஓடிப் போனோம். ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, வீடு இல்லை. எல்லாம் பற்றை. எங்கள் வளவு எது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணை பழைய கிராமப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகப் போனார். நான் கூப்பிடு தூரத்தில் பற்றை வெட்டிக்கொண்டு நின்றேன். திடீரென்று ஒரு சத்தம். "தில்லை! கண்டிட்டன்! ஐயா சொன்ன சுமைதாங்கி!" ரெலிபோனில் அவருக்குச் சொல்லுகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

"ஏன் அண்ணை, என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீ பக்கத்திலைதானேடா நிக்கிறாய்" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அந்தக் கல்லிலிருந்து அளந்து எங்கள் கிணற்றைப் பிடித்தார். கிணற்றிலிருந்து ஒழுங்கையைப் பிடித்தார். பிறகு எங்கள் குறிச்சி முழுவதையும், நாங்கள் வெளிக்கிடுவதற்கு முதல் வருடம் எப்படி இருந்ததோ அப்படியே கீறத் தொடங்கினார். ஒழுங்கைக்கு இரட்டைக் கோடு. வேலிக்கு ஒற்றைக் கோடு. பொட்டுக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் புள்ளிக்கோடு. எந்த அரசாங்கமும் கீறாத படம் அது. ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு வாசற்படிக் கல்லைத் தோண்டி எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லைக்காகச் சண்டை பிடித்தவர்கள் அண்ணையின் படத்தைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து வேலி அடைத்தார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

நாங்களும் வீடு கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். அண்ணைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அதன் பிறகு அவர் பென்சிலால் கீறுவார், தில்லையர் வேறு தாளை மேலே வைத்து மையால் கீறுவார். என் கை நடுங்கவில்லை. என்னைக் கேட்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. தில்லையரே, என்னை மருந்து எடுத்துவர அனுப்பியவர் நீங்கள். பாமசியில் நீட்டுக்குச் சனம். நான் வந்தபோது அண்ணையின் கை உங்கள் கைக்குள் இருந்தது. அண்ணை இல்லை.

"கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. தண்ணி கேட்டவர், குடுத்தனான்."

அந்தத் தண்ணீரையும் நீங்களே கொடுத்தீர்கள். கொள்ளி மட்டும் நான் வைத்தேன்.

இந்த மலருக்காக ஊர்ப் படத்தை அச்சகத்துக்குக் கொண்டு போனபோதுதான் அதை முழுதாகப் பார்த்தேன். அதற்கு முதல் பார்க்க எங்கே விட்டீர்கள்? அச்சகக்காரர் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். சுமைதாங்கி இருக்கிறது. மடம் இருக்கிறது. கேணிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அண்ணை வீட்டிலிருந்து தில்லையர் வீட்டுக்குப் பொட்டு, வடிவான புள்ளிக்கோடு. அண்ணை வீட்டிலிருந்து என் வீட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை. குறிச்சியில் உள்ள பொட்டு எல்லாம் இருக்கிறது, எங்கள் பொட்டு மட்டும் இல்லை.

பந்தல் அலுவலாக வீட்டுக்கு வந்த தில்லையரை வாசலிலேயே மறித்தேன்.

"எங்கடை பொட்டு எங்கை?"

"அண்ணர் பென்சிலாலை கீறினதுக்கு மேலைதான் நான் கீறினனான், தம்பி."

"அப்ப அந்தப் பென்சில் படத்தைக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

"அது என்ரை அலுமாரியிலை பத்திரமாக் கிடக்கு. முப்பத்தொண்டு முடியட்டும். துக்க வீட்டிலை உது வேண்டாம்."

சீனி குறைவான தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அச்சகத்தில் தந்த படத் தாளை மேசையில் எறிந்துவிட்டுக் கத்தினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பொட்டு எங்கை, பொட்டு எங்கை எண்டு துள்ளுறியள். வேலி எங்கை?"

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வளவுக்கும் நாலு பக்கமும் கோடு இருக்கிறது. அண்ணையின் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் கோடு இல்லை. ஒரு வளவு, இரண்டு வீடு, ஒரு கிணறு. ஐயா பிரிக்குமுன் இருந்த மாதிரி.

ஆனால் அந்த வருடம் வேலி அங்கே இருந்தது. அண்ணை அளந்து நான் நட்ட வேலி. அதை அவர் மறந்தார் என்று நான் நம்பமாட்டேன். தெரிந்தே விட்டார் என்றால், வாழ்நாள் முழுவதும் பிழையான கோடு கீறாத மனிதர் எனக்காக ஒரு பொய்ப் படம் கீறியிருக்கிறார். இல்லாவிட்டால் நீங்கள் மை போடும்போது ஒரு கோட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று தெரியாமல் நான் எப்படி நித்திரை கொள்ளுவது?

இனி நன்றி. அண்ணையைத் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்த்த தாதிமாருக்கு, செய்தி கேட்டதும் படலைக்குக் காத்திராமல் கிடைத்த வழியால் ஓடிவந்த அயலவர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, சமைத்தவர்களுக்கு, வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, வர முடியாமல் ரெலிபோனில் அழுதவர்களுக்கு, இன்று விடிய எங்களோடு கீரிமலைக்கு வந்து அண்ணையின் சாம்பலைக் கடலில் கரைக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தில்லையருக்கும் நன்றி. கடைசி மாதத்தில் அண்ணைக்கு முகம் வழித்துவிட்டவர் அவர்தான். அதைச் செய்ய எனக்கு மனம் பொறுக்கவில்லை, அவர் செய்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

தில்லையம்பலம் அவர்களே, இதை வாசிக்கும்போது நீங்கள் எங்கள் பந்தலில் முன்வரிசையில் இருப்பீர்கள். உங்கள் வீடு பின்வேலிக்கு அந்தப் பக்கம்தான். எழும்பிப் போய்ப் பென்சில் படத்தை எடுத்து வாருங்கள். எல்லாருக்கும் தெரிய விரியுங்கள். அந்தக் கோடு அண்ணையின் பென்சிலில் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் நீங்கள் விட்ட வேலியை இந்தச் சனத்துக்கு முன்னால் நீங்களே கீறி, அதில் எங்கள் பொட்டையும் வையுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதைக் கடைசி வரிசைக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

அதைக் கேட்ட பிறகுதான் இலை போடுவோம்.

தம்பி