தயாரித்தவர் பெயர்

காவாந்தண்டலத்துச் செவ்வந்திக்கு முப்பத்திரண்டு வயது. உத்திரமேரூரில் ஒரு தனியார் மண் பரிசோதனை நிலையத்தில் ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. வயல் வயலாகப் போய் மண் எடுப்பாள். அறிக்கை எழுதி, சென்னை அலுவலகமும் பார்க்கும் பொது ஃபோல்டரில் ஏற்றுவாள். ஃபைலின் பெயரில் ஊர், தேதி, தயாரித்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களை எண்ணித்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்வார்கள்.

உடன் வேலை பார்த்த மோகன்குமார் தினமும் அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான்.

"இன்னாண்ணா, நான் எழுதினதாச்சே?"

"பேர்ல இன்னா கீது? உங்கம்மா பேர் எழுதி வெச்சிக்கினா களை எடுத்தாங்க?"

அவள் ஒரு மாதம் கவனித்தாள். அவன் எந்த ஃபைலையும் திறந்து பார்ப்பதில்லை.

பிறகு புள்ளலூர், தேதி, தன் பெயர் என்று முறைப்படி பெயரிட்டு ஒரு ஃபைலை ஏற்றினாள். உள்ளே மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் பெயர் மாற்றிய இருநூற்றுப் பதினான்கு அறிக்கைகளின் பட்டியல் இருந்தது. மண் எடுத்தது யார் என்று விசாரிக்க வயல்காரர்களின் போன் எண்களும் இருந்தன.

சாயங்காலம் அவன் வழக்கம்போல் அதிலும் தன் பெயரைப் போட்டான்.

மறுநாள் மதியம் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தவன் அவள் மேசைக்கு வந்தான்.

"தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்குப் புள்ளைங்க கீது."

செவ்வந்தி சோற்று டப்பாவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டாள்.