ஸ்பெஷல் பார்ட்டி மொட்டை

எனக்கு எழுபத்தொன்பது முடிந்துவிட்டது. ஏழு பெற்றேன், ஆறு வளர்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பு இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஸ்டெல்லா எழுதுகிறாள். நடுநடுவே "அப்புறம் ஆயா, அப்புறம்?" என்று துரத்துகிறாள். கதை எங்கேயும் ஓடிவிடாது, எழுது.

இவள் தினமும் டிவியில் ஒரு போலீஸ் தொடர் பார்க்கிறாள். சாதாரண போலீஸ் இல்லை. குண்டு வைக்கிறவர்களை மட்டும் பிடிக்கிற தனிப்படை. பெரிய கண்ணாடி அறை, ஆளுக்கு இரண்டு கம்ப்யூட்டர், எல்லோரும் கறுப்புச் சட்டை. ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள். இத்தனை நாளில் அதில் ஒருத்தரும் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி பிள்ளை என்று யாருக்கும் கிடையாது. ஒருத்தனுக்கு மட்டும் இருக்கிறாள், அவளும் போனில் அழுவதோடு சரி.

போன வாரம் அந்தப் படையில் ஒருத்தன் சாமியார் வேஷம் போட்டுப் போனான். தாடி, சடைமுடி, எல்லாம் ஒட்டு. காரியம் முடிந்ததும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தாடியைப் பிடுங்கி வெளியே வீசினான். ஸ்டெல்லா கைதட்டினாள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்ப வந்தேன், திரும்பவும் எழுந்தேன். எங்கள் காலத்து வேஷம் பிடுங்கினால் வருகிற வேஷம் இல்லை.

அவரும் அப்படி ஒரு படையில் இருந்தார். அவர் என்றால் ஸ்டெல்லாவின் தாத்தா. பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனிமேலா சொல்லப் போகிறேன்? சித்தூர் ரிசர்வ் போலீஸில் கான்ஸ்டபிள். காட்டில் துப்பாக்கியோடும் வெடிகுண்டோடும் ஆட்கள் திரிகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷங்கள். அவர்களைப் பிடிக்கப் பொறுக்கி எடுத்த சிலரை வைத்து ஒரு படை போட்டார்கள். ஸ்பெஷல் பார்ட்டி என்று பெயர். கண்ணாடி அறை கிடையாது. நாங்கள் குடியிருந்த போலீஸ் லைன் கோடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஆபீஸ்.

எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பது எங்களுக்கும் ஆகாது, சர்க்காருக்கும் ஆகாது. ஆனால் லைன் பெண்களுக்குக் கண் இருக்கிறதே! கம்பளி எடுத்தால் காடு. வேட்டியும் ஜிப்பாவும் எடுத்தால் ஏதோ டவுன். பூட்ஸை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினால் வேஷம். அதுவரைக்கும் கண்டுபிடித்துவிடுவோம். அதற்குப் பிறகு வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பதுதான் வேலை.

சந்தன வாசனை வந்தால் இன்றைக்கும் எழுந்து வாசலைப் பார்ப்பேன். அன்று காலை குழந்தையின் மார்ச்சளிக்குக் கற்பூரவல்லி பிழிந்துகொண்டிருந்தேன். கதவுப் பக்கம் சந்தன வாசனை. நிமிர்ந்து பார்த்தால் மொட்டைத் தலை, மீசை இல்லாத முகம், மண்டை முழுக்கச் சந்தனம்.

"ஆரு வேணும்?" என்றேன்.

"நான்தாண்டி."

எனக்கு முதலில் வந்த பயம் வேறு. மீசையும் தலையும் ஒன்றாக எடுத்தால் அப்பன் செத்தான் என்று அர்த்தம். மாமனார் புத்தூரில் இருந்தார். "உங்க நைனா நல்லாகிறாரா?" என்றேன்.

"நல்லாதான் கிறாரு. எதுவும் கேக்காத. தண்ணி குடு."

பெரிய பெண் அப்பனைப் பார்த்து அழுதுகொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ராஜம்மா ஓடி வந்தாள். அவள் புருஷன் சுப்பராயுடுவும் அதே பார்ட்டி. அவருக்கும் மொட்டை, அவருக்கும் சந்தனம். அவர்கள் வீட்டில் ஏழுமலையான் வேண்டுதல் என்று சந்தோஷமாகத் தேங்காய் உடைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் எதை உடைப்பது? நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே மலைக்கு முடி கொடுப்பதை விட்டவர்கள்.

ஒரே நாளில் இரண்டு மொட்டை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இது வேண்டுதல் இல்லை, வேலை. புரிந்ததை வெளியே சொல்ல முடியாது. லைனில் ஒருத்தி காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குப் போய்விடும். அங்கேயிருந்து யார் காதுக்குப் போகுமோ!

அவர் ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டு கட்டிக்கொண்டு எங்கள் சபைக் கோயிலுக்கு வந்தார். எங்கள் சபையில் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு உள்ளே உட்காரக் கூடாது. வாசலில் துண்டை அவிழ்த்தார். பாட்டு நின்றுபோகவில்லை, ஆனால் பாதிப் பேர் வாய் மட்டும்தான் அசைந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் கடைக்குட்டிக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தோம். குழந்தைக்கு மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். அதற்குச் சபைக் கல்லறையில் இடம் கிடைத்தது, பெயர் வைத்து ஞானஸ்நானம் ஆகியிருந்ததால். இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? பெயரில்லாத பிள்ளையை எங்கே கொண்டு போவேன்? ஒவ்வொரு இரைப்புக்கும் எழுந்து எழுந்து பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவர் திரும்பவும் கிளம்பினார். வேட்டி, செருப்பு, நெற்றிக்கு நாமக்கட்டி. என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் சபை மூப்பர் ஞானமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்துகிறாரு. நீ கொழந்தைக்கு ஞானஸ்நானம் கேக்கற. எப்படிம்மா?"

"முடிதானேய்யா, மொளைச்சிடும்."

"முடியைப் பத்திக் கேக்கவா நான் வந்தேன்? யாருக்குக் குடுத்தாருன்னு கேக்கறேன்."

சர்க்காருக்குக் கொடுத்தார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "அவரு வந்தா கேளுங்க" என்றேன்.

"வரட்டும். சபை முன்னால நின்னு தப்புன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் கொழந்தை காத்துக்கினு இருக்கட்டும்."

"கொழந்தை காத்துக்கினு இருக்கும்யா. அதோட சளி காத்துக்கினு இருக்காது."

மூப்பர் போய்விட்டார். நல்ல மனுஷர்தான். நான் அன்று அழவில்லை. அழுதால் நாங்கள் தப்புச் செய்தவர்கள் ஆகிவிடுவோம் என்று பிடிவாதம்.

சனிக்கிழமை மத்தியானம் சுப்பராயுடு மட்டும் வந்தார். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, லைன் பூராவும் கேட்கிற மாதிரி, "வதினா, கொம்ப முனிகிந்தி!" என்றார். அண்ணி, குடி முழுகிவிட்டது என்று அர்த்தம். அவர் பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

"அவரு?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல வதினா, குண்டுக்கல்லு மாதிரி கிறாரு. எங்க கேஸுதான் பூடுச்சு."

நடந்தது இதுதான். திருப்பதியில் மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றுக்கு, தேடுகிற ஆள் யாத்திரைக்காரன் மாதிரி வரப்போகிறான் என்று தகவல். இவர்கள் எல்லோரும் நாமம் போட்டு அங்கேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அவன் வந்தான். இவர் பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்தான். சாப்பிட்டு எழுந்ததும் வாசலில் மடக்குவதாக ஏற்பாடு. இலையில் புளிசாதம் விழுந்தது. எங்கள் ஆட்கள் கண்ணை மூடி ஜெபிக்காமல் ஒரு பருக்கையும் வாயில் வைக்க மாட்டோம். அது நினைத்துச் செய்வதில்லை, சோற்றைப் பார்த்தால் இமை தானாக இறங்கும். இவர் நெற்றி நிறைய நாமத்தோடு கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கடைசியில் வாய்விட்டு ஆமென் சொல்லியிருக்கிறார்.

"கண்ணத் தெறந்து பாத்தா பக்கத்து எலையில சோறுதான் கீது, ஆளக் காணோம்!" என்றார் சுப்பராயுடு. கோபமாக ஆரம்பித்தவர் சொல்லிவரும்போதே சிரித்துவிட்டார். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டானாம்.

இனி ரகசியம் ஏது? லைன் சிரித்தது, கடைத்தெரு சிரித்தது. விளக்கு வைப்பதற்குள் மூப்பர் வந்துவிட்டார், இந்தத் தடவை உட்கார்ந்தார். "நாமத்துக்கு உள்ளயும் ஆண்டவரை விடலியேம்மா உன் வீட்டுக்காரரு! நாளைக்கே கொழந்தையை எடுத்துக்கினு வாங்க."

"போன வாரமும் இதே மனுஷன்தான்யா" என்றேன்.

வீட்டுக்காரர் ராத்திரி வந்து சேர்ந்தார். ஸ்பெஷல் பார்ட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கஜானா வாசலில் காவல் நிற்கிற வேலை. ரிட்டயர் ஆகும்வரை கான்ஸ்டபிள்தான். மறுநாள் அவர்தான் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றார். பாஸ்டர் அவரைச் சொல்லியே பிரசங்கம் செய்தார். சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்ல மறவாத மனுஷன் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சளி கரைய மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அவன்தான் ஸ்டெல்லாவின் அப்பன்.

அன்று வீட்டில் கறி செய்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கின்றன, ஜெபத்தைக் காணோம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் சோற்றையும் தொடாமல், கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, ஜெபம்?" என்றாள் பெரியவள்.

"நீ பண்ணும்மா."

அதற்குப் பிறகு அவர் பண்ணவே இல்லை. எந்த ஊரில் வெடி வெடித்ததாகப் பேப்பரில் வந்தாலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வருவார். படித்துக் காட்டிவிட்டு, "அவனா இருக்குமோ?" என்பார். "ஒலகத்துல அவன் ஒருத்தன்தானா?" என்பேன். பேப்பரை மடிப்பார், பிரிப்பார், வெளியே போவார். ஒரே ஒரு தடவை கேட்டேன், ஏன் ஜெபத்தை விட்டுட்டீங்க என்று. "கண்ண மூடினா அவன் எழுந்து போற சத்தம் கேக்குது" என்றார்.

சாகும்வரை கண்ணைத் திறந்துகொண்டேதான் சாப்பிட்டார். கோயிலில் அவரைப் பெருமையாகப் பேசிய தலைமுறை போய்விட்டது, மூப்பர் போய்விட்டார், சுப்பராயுடுவும் ராஜம்மாவும் போய்விட்டார்கள். லைன் இருந்த இடத்தில் என்னவோ மாடிக் கட்டடம் நிற்கிறது. பெரியவள் கட்டிக்கொண்டு போகும்வரை வீட்டில் ஜெபம் அவள் வாயில் இருந்தது. பிறகு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளைகளும் கண்ணைத் திறந்தபடியே தின்று பழகிவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் அப்படியே.

ஸ்டெல்லா, எழுதியவரைக்கும் போதும். முதலிலிருந்து படி. நான் சொல்லாததை ஏதாவது சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.