சுமைதாங்கியின் மேல்பக்கம்

ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் ஊரே இருந்தது. வைக்கோல்போர் இருந்தது, கரும்புக்கொல்லை இருந்தது, பெரியப்பா வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் என் அளவுக்கே வெட்டியெடுத்த மாதிரி ஓர் இடுக்கு இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, வீட்டுப் பெண்கள் எல்லோரும் எந்தக் கல்லை நோக்கி நடந்து வரப்போகிறார்களோ அந்தக் கல்லின் மேலேயே ஏறி ஒளிந்துகொண்டவன் நான். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் பெரிய மனது பண்ணலாம். வேண்டாம். போன வாரம்கூட அரியலூர் ஸ்டேஷனில் சென்னை வண்டி வரும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, திருச்சி வண்டி இன்னும் ஏன் வரவில்லை என்று டீக்கடைக்காரரிடம் நியாயம் கேட்டேன். அது எதிர்ப்பக்கம் வந்து, நின்று, போயும் விட்டிருந்தது.

அந்தக் கல் ஒரு சுமைதாங்கி. எங்கள் ஊரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், புங்கமரத்தடியில், இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் நீளமாக ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்திருக்கும். தலையில் பாரத்தோடு வருகிறவர்கள் இறக்கிவிட ஆள் தேடாமல், குனியாமல், அப்படியே அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன பெண்ணுக்காக வைக்கும் கல் அது. அவளால் இறக்கமுடியாமல் போன சுமைக்குப் பதிலாக ஊரார் சுமையை அது வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர்க் கல் என் அப்பாவுடைய தாத்தாவைப் பெற்றவளுக்காக நட்டது. வீட்டில் அவளைப் பெரியாத்தா என்பார்கள்.

பெரியாத்தாவின் கதையை யாரும் என்னை உட்காரவைத்துச் சொன்னதில்லை. புளிக்குக் கொட்டையெடுக்கும்போது கொஞ்சம், கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது கொஞ்சம் என்று காற்றோடு வந்ததுதான். ரயில் வராத காலம். பெரம்பலூர்ப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் வந்து சேர்ந்த மணப்பெண். அவள் கொண்டுவந்த சீர் என்ன என்று யாருக்கும் நினைவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் என்பது மட்டும்தான் நின்றது. திருமானூரிலிருந்துகூட அவளைத் தேடி வண்டி வரும். ஒருதடவை பெரிய வீட்டிலிருந்து பல்லக்கே வந்ததாம். அப்போது அவள் களத்துமேட்டில் ஒரு கூலிக்காரியின் குடிசைக்குள் இருந்தாள். "இவ எறக்கி வெக்கட்டும், வரேன்" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள். பொழுது சாயும்வரை பல்லக்கு வெயிலில் நின்றது. அன்று அவளை மனதார வாழ்த்தியவர்கள் பல்லக்குத் தூக்கிகளாகத்தான் இருக்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. கூலி வாங்கமாட்டாள். விளக்கெண்ணெய் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வாள், அடுத்த பிரசவத்துக்கு ஆகும் என்று.

அவளுக்கு அது ஐந்தாவது. மாதம் நிறைந்து வலி வந்தபோது, சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் பாயில் படுத்திருந்தாள். சுற்றி நின்ற பெண்களுக்குப் படுத்தபடியே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெந்நீர் வை என்றாள். இங்கே கை வை என்றாள். இப்போது அழுத்தாதே என்றாள். அவர்களும் சொன்னபடி செய்தார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து ஓர் இடத்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அவள் கையில் பிறந்தவர்கள்தான் கல்லைக் கொண்டுவந்து நட்டார்களாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, ஒரு கூடையில் நெல், வெல்லம், ஏழு கொழுக்கட்டை, சின்னப் புட்டியில் விளக்கெண்ணெய் வைத்துத் தலையில் சுமந்துபோய்க் கல்லில் இறக்கவேண்டும். வாசல் தாண்டியதிலிருந்து கூடையை இறக்கும்வரை அவள் வாய் திறக்கக்கூடாது. பெரியாத்தாவின் பேச்சு நின்ற இடத்திலிருந்து நடக்கிறாள் என்று கணக்கு. கூடப் போகிற பெண்கள் வாய்க்கால் பாலத்தோடு நின்று முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். இறக்கிய கூடையை வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி விதிதான் என்னைக் கெடுத்தது. வழியில் போய் நின்றுகொண்டால் நானும் வழிப்போக்கன்தானே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த மாசியில் கூடை சுமக்கவேண்டியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு அது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் ஒரு சொல் பேசாமல், ஒரு குறை வைக்காமல் கொண்டுபோய் இறக்கினாள் என்பதற்குப் பெரியம்மாவே சாட்சி. இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் பிறந்தன. இதுவும் தங்காவிட்டால் மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பது என்று அத்தையின் மாமியார் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கொழுக்கட்டை ஏழு என்பதுதான்.

பத்து மணிக்கே போய்விட்டேன். என் உயரத்துக்குப் பலகைக்கல்லின் மேல்பக்கம் தெரியாது. எனக்குத் தெரியாத இடம் யாருக்கும் தெரியாது என்று முடிவு செய்து, மரத்தைப் பிடித்து ஏறி, நீட்டிப் படுத்துக்கொண்டேன். கல் குளிர்ந்திருந்தது. புங்கமரம் அப்போதுதான் தளிர்விட்டிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போகும். வெள்ளைப் புழுதி எழுந்து, கீழே இறங்க மனசில்லாத மாதிரி வெயிலிலேயே நிற்கும். பிறகு தளிர்மேல், கல்மேல், என்மேல் படியும். அடுத்த லாரி வரும். தளிர் வெளுத்தது, என் கை வெளுத்தது, வானமும் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் லாரிச் சத்தம் மாட்டுவண்டிச் சத்தமாகிவிட்டது. வண்டி எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கூட வந்தார்கள். முகம் தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும். எவ்வளவு தூரம் போனோமோ. விளக்கெண்ணெய் வாசம் வந்தது. அப்புறம் என் கால்மாட்டில், மூச்சோடு மூச்சாக ஒரு குரல்.

"கால மடக்கிக்க, சாமி."

மடக்கிக்கொண்டேன். விட்ட இடத்தில் ஏதோ ஒன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. வண்டி நின்றது.

கண்ணைத் திறந்தபோது கால்மாட்டில் கூடை இருந்தது. அத்தை பாலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வழிப்போக்கனாகிய நான் எழுந்து உட்கார்ந்து என் வேலையைத் தொடங்கினேன். மூன்றாவது கொழுக்கட்டையைக் கையில் எடுத்தபோது பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் கல்மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால் யார்தான் அலறமாட்டார்கள். கிட்டே வந்து பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும் பெரியம்மாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"எறங்குடா கீழ. எப்ப வந்த நீ?"

"மொதல்லயே வந்துட்டேன்."

"நீ இந்த நீட்டு நீட்டிப் படுத்துக் கெடந்தா, இவ கூடைய எங்க எறக்குனா?"

"நான்தான் கால மடக்கிக்கிட்டேனே."

"தூக்கத்துலயா?"

"ஆமா. கால மடக்கிக்க சாமின்னு சொன்னாங்கல்ல," என்றேன் பெருமையாக.

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "யாருடா சொன்னா? ஒங்க அத்தையா?"

அத்தை என்னையே பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் இரண்டு குறைகிறது, மூன்றாவது என் கையில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டாள், இதோ அழப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பேச்சை எங்கேயாவது திருப்பியாக வேண்டியிருந்தது.

"அத்தை இல்ல. வேற ஒரு ஆத்தா," என்றேன். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால், "வெள்ளையா இருந்துச்சு. வண்டில வந்துச்சு. கையெல்லாம் எண்ணெ வாசம்," என்று சேர்த்துக்கொண்டேன்.

சித்தி வாயில் கை வைத்தாள். "அக்கா, பெரியாத்தா புள்ள பெறறவள்ட்ட இப்புடித்தான சொல்லுமாம். இந்த வார்த்த இவனுக்கு எப்புடித் தெரியும்?"

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் பிரசவ அறைக்குள் மட்டும் புழங்குவது. வெளியே நிற்கிற ஆண்கள் காதில்கூட விழாது. பெரியம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதே கையால் என் தலையையும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். மிச்சம் இருந்த கொழுக்கட்டையும் எனக்கே வந்தது. வீடு போகிறவரை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

வைகாசியில் அத்தைக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் அது போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இன்று பெரம்பலூரில் நர்ஸாக இருக்கிறாள். சத்தம் குறையவில்லை, நோயாளிகள் சாட்சி. நான் அந்த வட்டாரத்தில் ஒரு வருஷம் அரைச் சாமியாக இருந்தேன். அடுத்த மாசியில் பங்காளி வீட்டில் ஒருத்திக்குக் கூடை இறக்கும்போது, என்னைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய்க் கல்மேல் படுக்கவைத்தார்கள். தூங்குகிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆகியும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கூடையோடு நிற்கிறவள் மூச்சு வாங்குவது கேட்டது. கடைசியில் நானே காலை மடக்கிக்கொண்டேன். பெரியாத்தாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து அன்று இரவு அழுதேன்.

பிரசவ அறைக்குள் புழங்கும் அந்த வார்த்தையை, அதற்குள் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்தவள் கேட்டிருப்பாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தலையில் கூடை, இரண்டு கையும் கூடைமேல், வாய் திறக்கக்கூடாது, எதிரே இடத்தை அடைத்துக்கொண்டு தூங்குகிற ஒரு தடிப்பயல். அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்பதும் தெரியாது. உறைக்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். கல்லைப் பத்தடி தள்ளி நட்டிருக்கிறார்கள். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை அதன்மேல் வைத்துப் போன் பேசுகிறார்கள். போன மாதம் அத்தையைப் பார்க்க அரியலூர் போயிருந்தேன். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி யாரும் இல்லை.

"அத்தை, அன்னைக்கி கல்லுகிட்ட சொன்னது பெரியாத்தாவா, நீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவள் சொன்னாள்:

"நீ கால மடக்குனல்ல, அப்பறம் என்ன."