ஆட்காட்டியின் நான்கு முட்டைகள்

ஆம்பூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாலாறு. அதில் தண்ணீரைவிட நான் அதிகம் பார்த்தது மணலும் கூழாங்கல்லும்தான். மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒருநாள், அங்கே ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே என் தலையை நோக்கிப் பாய்ந்தது. பயந்து குனிந்தபோது, காலடிக் கற்களில் நான்கு மட்டும் ஒரே அளவில் இருப்பதைக் கண்டேன். முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். பார்வையை விலக்கினால் மறுபடி தேட வேண்டியிருந்தது.

பையன்கள் பந்து பொறுக்க ஓடிவரும் இடம் அது. யாராவது மிதித்துவிட்டால்? அப்பாவின் தங்கை, என் அத்தை, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். நான் விளையாட அவள் கொண்டுவந்து தந்த தோல் துண்டுகளில் நல்ல சிவப்பாகப் பொறுக்கி, முட்டைகளைச் சுற்றி வட்டமாக வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெருமையாக அத்தையை அழைத்துப் போனேன். சிவப்பு வட்டம் தூரத்திலேயே தெரிந்தது. நடுவில் ஒரு காகம். எங்களைக் கண்டதும் பறந்தது.

"அத்த, ரெண்டுதான் இருக்குது! மீதி எங்க?"

அத்தை செருப்புக் காலால் மணலைத் தள்ளி, ஈரமாகக் கிடந்த எதையோ மூடினாள்.

"குஞ்சு பொரிச்சி ஓடிட்டிருக்கும்டி. அதுங்க பொறந்ததுமே ஓடும்."

பிறகு தோல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"எதுக்கு எடுக்கற? பசங்க மிதிச்சிடுவானுங்க."

"கம்பெனியில திருப்பிக் கேக்கறாங்க. பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என்ன சொன்னாளோ, பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றின் மறுபக்கம் போய்விட்டார்கள்.

இரண்டு வாரத்தில் மிச்சமிருந்த இரண்டும் பொரிந்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்ததுபோல் ஓடின. வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. தாய் ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், குஞ்சுகள் நின்ற இடத்திலேயே படுத்துக் கல்லோடு கல்லாகிவிட்டன. கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"அந்த ரெண்டுங்கூட இப்படித்தான் எங்கனா படுத்துனு இருக்குமா, அத்த?"

அவள் என் தலையைத் தடவினாள். "இருக்கும். மெதுவா நட, மிதிச்சிடப் போற."

பள்ளி திறந்ததும் எங்கள் ஆற்றில் நான்கு குஞ்சுகள் இருப்பதாக வகுப்பு முழுக்கச் சொன்னேன். மழை வரும்வரை ஞாயிறுதோறும் அத்தையும் நானும் தேடப் போனோம். ஆறு நாள் மெஷினில் குனிந்திருந்த அத்தை, கிடைத்த ஒரே விடுமுறையிலும் வெயிலில் குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். அங்கே இல்லவே இல்லாத குஞ்சுகளை அவள் ஏன் தேடினாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.